வேண்டிய தடையும் வேண்டாத தடையும்

நியூயார்க் மாநிலத்தில் மொஹாக் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்கெனெக்டடி, மின்சாரத்தால் பிழைத்த ஊர். 1886இல் தாமஸ் எடிசன் தன் இயந்திரப் பட்டறையை அங்கே கொண்டுபோனார். 1892இல் அது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குள் சேர்ந்தது. மாறுதிசை மின்னோட்டத்தின் கணக்கை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் அந்த ஊரில்தான் வாழ்ந்தார். அவர் வைத்திருந்த 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலக்ட்ரிக் பேட்டரி கார் இன்றும் அங்குள்ள யூனியன் கல்லூரியில் இருக்கிறது. பெட்ரோல் கார் தெருவைப் பிடித்துக்கொண்ட பிறகும் அந்த ஊருக்கு மின்வண்டி ஆசை விட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். 1969இல் அந்த ஆசை எலெக்-டிராக் என்ற பெயரில் ஒரு சின்ன டிராக்டராக வெளியே வந்தது.

அமெரிக்கப் புறநகர் வீட்டுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்வெளி சாதாரணம். கோடையில் அதை வாராவாரம் வெட்டியாக வேண்டும், குளிர்காலத்தில் வாசலில் குவியும் பனியைத் தள்ளியாக வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் மேலே உட்கார்ந்து ஓட்டும் தோட்ட டிராக்டர்கள் உண்டு. மற்ற கம்பெனிகள் பெட்ரோல் எஞ்சின் வைத்த இடத்தில், புரூஸ் லாமைஸ்டர் தலைமையிலான குழு ஆறு பேட்டரிகளை அடுக்கியது. ஒவ்வொன்றும் 6 வோல்ட், வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். ஓட்டுவதற்கு ஒரு மோட்டார். புல் வெட்டும் தட்டில் மூன்று கத்திக்கு மூன்று தனி மோட்டார்கள். பனி வீசும் கருவி, உழும் கருவி, செருகி ஓட்டும் மரம் அறுக்கும் ரம்பம் என்று பின்னால் வந்த துணைக்கருவிகளின் பட்டியல் நீளம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றபோது இந்த வண்டிக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஜெனரல் எலக்ட்ரிக் 1970களின் நடுவிலேயே தொழிலைக் கைமாற்றிவிட்டது. வீல் ஹார்ஸ் பெயரிலும், பிறகு நியூ ஐடியா பெயரிலும் கொஞ்ச காலம் விற்று, கதை முடிந்தது.

வண்டிகள் முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்தும் கொட்டகைகளில் கிடப்பவற்றை இழுத்துவந்து ஓடவைக்கும் ஆட்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அப்படி ஓடவைக்க முடிகிறது என்பதே இந்த அத்தியாயத்துக்குக் காரணம். ஐம்பது வருடம் சும்மா கிடந்த பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டர் கோந்து பிடித்திருக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருக்கும். மின்வண்டியில் அப்படி இறுகிப்போக அதிகம் ஒன்றும் இல்லை. அதன் நோய்களில் பெரும்பாலானவை ஒரே நோயின் பல முகங்கள்: மின்னோட்டம் தடையில்லாமல் போக வேண்டிய இடத்தில் தடை முளைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வண்டியைக் கட்டுப்படுத்த வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தியதும் தடையைத்தான். எது அவர்கள் வைத்தது, எது காலம் வைத்தது என்று பிரித்தறிவதே ரிப்பேர்.

ஒரு கணக்கில் தொடங்கலாம். புல் வெட்டிக்கொண்டே மேடேறும் வண்டி 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 36 வோல்ட்டில் அது 3,600 வாட், ஏறத்தாழ 5 குதிரைத்திறன். இதே திறனை நம் வீட்டு 230 வோல்ட்டில் எடுத்தால் 16 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். மின்னழுத்தம் குறைவு என்பதால் மின்னோட்டம் பெருக்கிறது, அங்கேதான் தொல்லை. ஒரு பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய் ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்றால், 100 ஆம்பியர் அதைக் கடக்கும்போது 1 வோல்ட் அங்கேயே விழும். வெப்பமாக 100 வாட் அங்கேயே எரியும். ஒரு பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு போல்ட்டின் தலையில். ஈயம் இளகும், இணைப்பு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். இப்படிப்பட்ட இணைப்புகள் வண்டியில் ஒன்றிரண்டு இல்லை. ஆறு பேட்டரிக்குப் பன்னிரண்டு டெர்மினல்கள், ஒவ்வொன்றிலும் கேபிள் முனை, அப்புறம் ஃபியூஸ், காண்டாக்டர் (சுருள் இழுத்து மூடும் பெரிய சுவிட்ச்), மோட்டார் முனைகள்.

நூறில் ஒரு பங்கு ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளக்க முடியாது. அதன் கம்பிகளுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: மீட்டர் "பீப்" அடிக்கிறது, ஆகவே இணைப்பு சரி என்று தாண்டிப்போகிறார்கள். சரியான வழி, வண்டியைச் சுமையோடு ஓடவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரே இணைப்பின் இரு பக்கமும் தொட்டுப் பார்ப்பது. நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் காட்டும். கெட்ட இணைப்பில் சில நூறு ஏறும். இதே வேலையை ஓட்டி முடித்தவுடன் கையாலும் செய்யலாம். எது சுடுகிறதோ அதுவே குற்றவாளி. கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தைக் கழுவி, உலோகம் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசிவிட்டால் செத்ததாகச் சொன்ன பல வண்டிகள் எழுந்து நடக்கும்.

36 வோல்ட் உலர்ந்த கையில் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் யாரும் மோதிரத்தோடு இந்த வேலையில் இறங்கக்கூடாது. டெர்மினலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் மோதிரம் சிக்கினால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் அதன் வழியாகப் பாயும். விரலோடு சேர்ந்து மோதிரம் பழுத்துவிடும். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க டேப் சுற்றிக்கொள்வது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

இணைப்புக்கு அடுத்து பேட்டரி. காஸ்டன் பிளான்டே 1859இல் இரண்டு ஈயத்தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்தார். கமீல் ஃபோர் 1881இல் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசினார். எலெக்-டிராக்கில் இருப்பதும் நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு அடியில் இருப்பதும் அந்தப் பசைத்தகட்டின் வாரிசுகளே. இந்த வண்டிக்கு ஏற்றது கோல்ஃப் வண்டிகளில் போடும் 6 வோல்ட் ரகம். ஒன்று ஏறத்தாழ 28 கிலோ, ஆறுக்கும் சேர்த்து 170 கிலோ.

அதன் மேல் 220 ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. 20 மணி நேரம் மெல்ல மெல்ல, 11 ஆம்பியராக எடுத்தால்தான் அந்தக் கணக்கு. 75 ஆம்பியராக இழுத்தால் வகுத்தல் கணக்குப்படி மூன்று மணி நேரம் வரவேண்டும். உண்மையில் இரண்டு மணி நேரத்தோடு படுத்துவிடும். அவசரமாக எடுக்கும்போது அமிலம் தகட்டின் துளைகளுக்குள் ஊறிப் போவதற்குள் மேற்பரப்பில் சல்பேட் அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சரக்கு வெளியே வர வழியில்லை. வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் 1897இல் இந்த இழப்பை ஒரு சூத்திரமாக எழுதினார். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் அமிலம் ஊறி, வண்டி மறுபடி சில நிமிடம் ஓடும். "இப்போதானே படுத்தது, எப்படி எழுந்தது?" என்று வண்டிக்காரர்கள் வியப்பது இதைத்தான்.

ஒவ்வொரு வெளியேற்றத்திலும் இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அந்தப் பொடிப்படிகங்கள் கரைந்து திரும்பிவிடும். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அவை கூடிப் பெரிய படிகங்களாகி, பிறகு கரைய மறுக்கும். கொட்டகையில் கிடந்த வண்டியின் பேட்டரி பெரும்பாலும் பயனற்றுப்போவதற்குக் காரணம் இந்தப் படிகங்கள். சந்தையில் இதைக் கரைக்கும் என்று விற்கும் மாயமருந்துகளுக்குக் காசு கொடுப்பதைவிடப் பழைய ஈயத்தைக் கடையில் போட்டுப் புதிது வாங்குவது மேல். குளிர்நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுச் சார்ஜில் இருக்கும் அமிலம் வழக்கமான பனிக்கு உறையாது. வெறுமையான பேட்டரியில் இருப்பதோ பெரும்பகுதி தண்ணீர். சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி போனாலே அது உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும்.

ஆறும் வரிசையில் நிற்பதால் ஆறில் இளைத்தது எதுவோ அது எல்லாவற்றையும் கீழே இழுக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று செல்கள். ஒரு செல் முன்னதாகக் காலியானால் மற்ற பதினேழு செல்களும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலி செல்லின் முனைகள் தலைகீழாகும், அதோடு அது ஒழிந்தது. ஓய்வில் அளந்தால் இந்தக் குறை தெரியாது. ஆறும் 6.3 வோல்ட் காட்டி நல்ல பிள்ளையாக நிற்கும். வண்டி இழுக்கும்போது ஒவ்வொன்றாக அளந்தால், ஐந்து 5.9இல் நிற்க ஒன்று மட்டும் 4.5க்குச் சரிவது தெரியும். ஹைட்ரோமீட்டர் இருந்தால் எந்த அறை என்றே சொல்லிவிடலாம். நிறைந்த அறையில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.265க்கு மேல் இருக்கும், காலியானதில் 1.12ஐ ஒட்டி. அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். பழைய ஐந்தோடு புதியது ஒன்று சேர்ந்தால், ஐந்துக்கும் போதாத சார்ஜ் அந்த ஒன்றுக்கு அதிகமாகி, அதுவும் சீக்கிரம் கிழடாகிவிடும்.

இனி வேண்டிய தடைக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் நேர்மின் மோட்டார் வெறும் செம்புக்கம்பிதான். அதன் ஆர்மேச்சரின், அதாவது சுழலும் சுருளின், தடை 0.04 ஓம் என்றால், 36 வோல்ட்டை நேராகக் கொடுத்த கணத்தில் 900 ஆம்பியர் பாயப்பார்க்கும். மோட்டார் சுழலத் தொடங்கியதும் அதுவே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, எதிர்த்திசையில் மின்னழுத்தம் உண்டாக்குகிறது. 34 வோல்ட் எதிர்த்து நிற்க, மீதி 2 வோல்ட்தான் மின்னோட்டத்தைத் தள்ளும். 50 ஆம்பியர், அவ்வளவே. சுழலும் மோட்டார் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது, நின்ற மோட்டாருக்குக் காவல் தேவை. அதற்காகப் பெரிய மாடல்களில் கிளம்பும்போது மட்டும் பெரிய கம்பித் தடைகளை வழியில் சேர்த்தார்கள். 0.3 ஓம் சேர்த்தால் 900 ஆம்பியர் 106 ஆகக் குறைந்துவிடும். அந்தத் தடையில் மூன்று கிலோவாட்டுக்கு மேல் சூடு வீணாகும். வண்டி நகர்ந்ததும் தடைகளை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிவிடுவார்கள் என்பதால் அது சில நொடிச் செலவுதான். இது புரியாமல் முதல் கட்டத்திலேயே வைத்து ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுகிறவர் தடைக்கம்பியைப் பழுக்கவைத்து அறுத்துவிடுவார். பிறகு "முதல் கட்டத்தில் நகரவே மாட்டேன் என்கிறது, அடுத்த கட்டத்தில் குதிக்கிறது" என்று குறை வரும்.

தடைகள் எல்லாம் விலகிய பிறகும் வேகம் கூட்ட இந்த வண்டியில் ஒரு வழி உண்டு, எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அது. மோட்டாரின் காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளின் மின்னோட்டத்தைக் குறைப்பார்கள். காந்தத்தை வலுவிழக்கச் செய்தால் மோட்டார் மெதுவாகும் என்றுதானே தோன்றுகிறது? நேர்மாறு. புலம் மெலிந்தால் எதிர் மின்னழுத்தம் குறைகிறது, ஆர்மேச்சருக்குள் மின்னோட்டம் பெருகுகிறது, பழைய எதிர்ப்பைத் திரும்ப எட்டும்வரை மோட்டார் வேகமெடுக்கிறது. இங்கேயும் கருவி தடைதான், ஆனால் புலச்சுருளில் ஓடுவது சில ஆம்பியர் மட்டுமே என்பதால் வீணாகும் சூடு அற்பம். விலை வேறு இடத்தில் வரும். ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் இழுவை குறைகிறது. மேட்டில் அதே வேகக்கட்டத்தில் அழுத்தினால் டாஷ்போர்டில் இருக்கும் மின்னோட்ட முள் எகிறும். அந்த முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவரின் பேட்டரி நீண்டநாள் வாழும்.

புலச்சுருளுக்குப் போகும் ஒல்லிக்கம்பி அறுந்துபோனால்? புலம் ஏறக்குறைய சுழியம். சுமையில்லாத மோட்டார் கட்டுமீறி வேகமெடுத்து ஆர்மேச்சர் சுற்றுகள் பிய்ந்து வரும். சுமையோடு இருந்தால் இழுவை இல்லாமல் மின்னோட்டம் மட்டும் குவிந்து ஃபியூஸ் போகும். ஆகவே ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய ஃபியூஸ் போடுவதற்கு முன்னால் அந்த ஒல்லிக்கம்பியைப் பார்க்க வேண்டும்.

மோட்டாரைத் திறந்தால் கண்ணில் படுவது கம்யூட்டேட்டர் என்ற செம்புப்பட்டை உருளையும் அதன் மேல் அழுந்தும் கார்பனும். ஆரம்பகால மோட்டார்களில் அந்த இடத்தில் செம்புக்கம்பிக் கற்றையை வைத்தார்கள். செம்பு நன்றாகக் கடத்தும், ஆனால் கடும் தீப்பொறி. ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் 1880களில் கார்பனைக் கொண்டுவந்தார். கார்பன் செம்பைவிட மோசமான கடத்தி, அதனால்தான் அது வென்றது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மாறும் கணத்தில் கார்பன் இரண்டு பட்டைகளையும் ஒருசேரத் தொட்டு ஒரு சுற்றைக் குறுக்கிணைத்துவிடும். அந்தச் சுற்றுக்குள் ஓடும் வீண் மின்னோட்டத்தை கார்பனின் தடை அடக்கிவைக்கிறது.

நன்றாக ஓடிய கம்யூட்டேட்டர் பளபளக்காது. சாக்லேட் நிறத்தில் மெல்லிய படலம் இருக்கும், செம்பு ஆக்சைடும் கிராபைட்டும் கலந்தது. அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்து எடுப்பவர் உண்டு. கார்பன் வழுக்கிப் போவதற்கு உயவு அந்தப் படலமே, அதை விட்டுவிட வேண்டும். பட்டைகள் வரிவரியாகக் கருகியிருந்தால் மட்டும் கை வைக்கலாம், அதுவும் மிக நுண்ணிய கண்ணாடித்தாளால். எமரித்தாள் கூடாது, அதன் கடினத் துகள்கள் செம்பில் புதைந்து கார்பனை அரைத்துக்கொண்டே இருக்கும். செம்பு தேய்ந்து, பட்டைகளின் நடுவில் இருக்கும் மைக்கா மேலே தூக்கி நின்றால் கார்பன் துள்ளும், பொறி பறக்கும். கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமனாக்கி, மைக்காவை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே அறுத்துவிட வேண்டும். மோட்டார் "எரிந்துவிட்டது" என்று காயில் கட்டக் கொடுப்பதற்கு முன், கார்பன் அதன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்ப்பது நல்லது. பல மோட்டார்களுக்கு அது ஒன்றே வைத்தியம்.

கத்தி மோட்டார்களில் புலச்சுருள் கிடையாது, நிலைக்காந்தம். ஈரப்புல்லுக்குப் பக்கத்திலேயே வாழ்வதால் கீழ்ப்பக்க பேரிங் வழியே நீர் ஏறுவது இவற்றின் தலையெழுத்து. இவற்றைச் சோதிக்கப் பேட்டரியே வேண்டாம். முனைகளைத் திறந்துவைத்துத் தண்டைக் கையால் சுற்றினால் லேசாகச் சுழல வேண்டும். பிறகு இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துச் சுற்றினால் தேனில் கிண்டுவதுபோல் கனக்க வேண்டும், கை உண்டாக்கிய மின்னோட்டமே கையை எதிர்க்கும். கனக்காவிட்டால் எங்கோ தொடுப்பு விட்டிருக்கிறது. முதலிலேயே கனத்தால் பேரிங் போயிருக்கிறது அல்லது உள்ளே குறுக்கிணைப்பு.

காண்டாக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க வீட்டு மின்சாரம் நொடிக்கு 120 முறை சுழியத்தைத் தொடுகிறது, சுவிட்சில் எழும் பொறி அப்போது தானாக அணைய வாய்ப்புண்டு. பேட்டரி மின்சாரத்துக்கு அந்தச் சுழியம் இல்லை. பொறி நின்று எரியும், தொடுமுனையில் குழி விழும், ஒரு நாள் இரண்டும் உருகி ஒட்டும். வெள்ளிமுனை வெறுமனே கறுத்திருந்தால் அரம் போடத் தேவையில்லை, வெள்ளியின் ஆக்சைடு மின்சாரத்தை விட்டுவிடும். குழி ஆழமாக இருந்தால் மாற்றுவதே வழி.

அடுத்து சார்ஜர். இந்த வண்டியின் பழைய சார்ஜரில் டிரான்ஸ்ஃபார்மரோடு எண்ணெய் நிரப்பிய ஒரு கெப்பாசிட்டர் சேர்ந்து ஒத்ததிர்ந்து வெளியீட்டை நிலைநிறுத்துகிறது. அணைத்த பிறகும் அதில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு. அமெரிக்கா 1979இல் தடைசெய்யும்வரை இத்தகைய கெப்பாசிட்டர்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருப்பது வழக்கமாக இருந்தது. ஸ்கெனெக்டடிக்கு வடக்கே ஹட்சன் ஆற்றின் கரையில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக்கின் கெப்பாசிட்டர் ஆலைகளிலிருந்து முப்பது ஆண்டுகள் கசிந்த அதே பொருளை அகற்றத்தான் பிற்காலத்தில் ஆற்றுப்படுகையையே தோண்டினார்கள். கெப்பாசிட்டர் வீங்கியோ கசிந்தோ இருந்தால் பிரித்துப்பார்க்காமல், நச்சுக்கழிவாக ஒப்படைத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

இன்று பலர் இரண்டு பெரிய மாற்றங்கள் செய்கிறார்கள். ஒன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 3.2 வோல்ட் செல்கள் பன்னிரண்டு சேர்ந்தால் 38.4 வோல்ட், பொருத்தம் கச்சிதம். பாய்க்கெர்ட்டின் தொல்லை ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் 170 கிலோ ஈயம் போன இடத்தில் அதில் பாதி எடைகூட வராது. டயரின் பிடிப்பு எடையைப் பொறுத்தது என்பதால் மேட்டில் சக்கரம் வெறுமனே சுற்றும். பணம் கொடுத்துக் குறைத்த எடைக்கு ஈடாகச் சக்கரத்தில் வார்ப்பிரும்பு மாட்டும் காட்சியைப் பார்க்கலாம். உறைநிலைக்குக் கீழே இந்தச் செல்களைச் சார்ஜ் செய்யவும் கூடாது. பனி தள்ளும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை. பழைய சார்ஜரும் இவற்றுக்கு உதவாது. கோடையில் புல் மட்டும் வெட்டுகிறவருக்கு லித்தியம் சரி. நியூயார்க் குளிர்காலத்துக்கு நான் ஈயத்தின் பக்கம்.

இரண்டாவது மாற்றம், தடைக்கம்பிகளை எடுத்துவிட்டு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்துவது. நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டு நிறுத்தி, சராசரியைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை ஆள்கிறது. கட்டம் கட்டமாகக் குதிக்காமல் வண்டி வழுக்கிப் போகும். இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பழைய தடைக்கம்பி கெட்டால் அறுந்துபோகும், வண்டி நிற்கும். இந்தக் கருவிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும், வண்டி முழுவேகத்தில் பாயும். ஆகவே பழைய காண்டாக்டரைத் தூக்கி எறியாமல் கருவிக்கு முன்னால் வரிசையில் விட்டுவைக்க வேண்டும். பிரேக் மிதியில் இருக்கும் சுவிட்ச் அதன் சுருளின் இணைப்பைத் துண்டிக்கும்படி கம்பி இழுத்திருக்க வேண்டும். பின்சக்கரங்கள் ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே முழுவேகத்தில் சுற்றவிட்டு, பிரேக்கை மிதித்து, காண்டாக்டர் "டக்" என்று விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைத் தரையில் இறக்க வேண்டும்.